1910ஆம் ஆண்டில் எழுந்த கட்டடங்களும் எழுதப்படாத பெயர்களும்



பரிசளிப்பு விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று தலைமையாசிரியர் கேட்டபோது, கல்வியின் மேன்மையைப் பற்றி எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் சென்ற ஆண்டு கோலாலம்பூருக்குச் சுற்றுலா போயிருந்தபோது ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்ட கேள்வி என்னை விடவில்லை. அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை.

காலையில் ஜெஞ்சாரோமிலிருந்து வாடகை பஸ்ஸில் புறப்பட்டு, கிள்ளான் வழியாகத் தலைநகர் போய்ச் சேர்ந்தோம். பழைய இரயில் நிலையத்துக்கு எதிரே பஸ் நின்றது. வெள்ளை வெளேரென்று குவிமாடங்களும் வளைவுகளுமாக நின்ற அந்தக் கட்டடத்தைப் பார்த்ததும் பிள்ளைகள் ஒரே சத்தம்.

"சார், இது அரண்மனையா?"

"பள்ளிவாசல்டா!"

"இல்ல சார், சினிமாவுல காட்டுற கோட்டை மாதிரி இருக்கு!"

"இது இரயில் நிலையம். 1910ஆம் ஆண்டு கட்டி முடித்தது. கட்டியவர் ஹப்பக் என்ற ஆங்கிலேயர்," என்று பாடம் சொல்லும் குரலில் சொன்னேன். அப்போதுதான் அந்தச் சிறுமி கேட்டாள்.

"அவரு படம்தானே சார் வரைஞ்சாரு? கல்லு தூக்கிக் கட்டுனது யாரு?"

நான் பயிற்சி பெற்ற ஆசிரியன். பத்து ஆண்டுகளுக்கு மேலாகச் சரித்திரம் சொல்லிக் கொடுப்பவன். என்றாலும் அந்தக் கேள்விக்கு என் வாயில் பதில் வரவில்லை. "பஸ்ஸில் ஏறுங்க, நேரமாச்சு" என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். வாத்தியார்கள் எல்லாரும் எப்போதாவது செய்கிற காரியம்தான் இது. ஆனால் மனசு கேட்கவில்லை. ஊர் திரும்பிய பிறகு 1910ஆம் ஆண்டைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். கொஞ்சம் பொறுமையோடு கேளுங்கள்.

மரத்திலிருந்து செங்கலுக்கு

ஆதியில் கோலாலம்பூர் ஓர் ஈய லம்பத்துப் பட்டணம். மரமும் அத்தாப்புமாகக் கட்டிய வீடுகள். 1881ஆம் ஆண்டு ஜனவரியில் நெருப்புப் பிடித்து ஊரை அழித்தது. அதே ஆண்டின் இறுதியில் வெள்ளம் வந்து மிச்சத்தையும் கொண்டு போனது. 1882இல் சிலாங்கூருக்கு ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், இனிமேல் செங்கல்லும் ஓடும் வைத்துத்தான் கட்ட வேண்டும் என்றார். அதற்காகச் செங்கல் சூளைகள் எழுந்த இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். இன்று நாம் தீபாவளிக்குச் சேலை எடுக்கப் போகிற பிரிக்பீல்ட்ஸ், செங்கல்லுக்குப் பிறந்த ஊர். பெயரிலேயே சூளை இருக்கிறது.

அடுத்து வந்தது இரயில். மலாயாவின் முதல் கம்பிச்சடக்கு 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரைக்கும் போட்டது. மறு ஆண்டே, 1886இல், கோலாலம்பூரிலிருந்து நம் கிள்ளான் பக்கத்துப் புக்கிட் கூடா வரைக்கும் இரயில் ஓடியது. 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறந்தபோது இரயிலும் கப்பலும் கை கோத்துக்கொண்டன. அந்தத் துறைமுகத்துக்குத்தான் இன்று போர்ட் கிள்ளான் என்று பெயர். 1909இல் வடக்கே பிறையிலிருந்து தெற்கே ஜொகூர் பாரு வரைக்கும் ஒரே பாதையாக இரயில் போகத் தொடங்கியது. இவ்வளவு பெரிய பாதைக்கு நடுநாயகமாகத் தலைநகரில் ஒரு பெரிய நிலையம் வேண்டாமா? அந்த நிலையம்தான் 1910இல் எழுந்தது.

ஹப்பக் வரைந்த இரண்டு கட்டடங்கள்

ஆர்தர் பெனிசன் ஹப்பக் இங்கிலாந்தின் லிவர்பூலில் 1871இல் பிறந்தவர். 1895இல் மலாயாவுக்கு வந்து, பொதுப்பணி இலாகாவில் படம் வரைபவராக வேலைக்குச் சேர்ந்தார். அந்தச் சமயத்தில் அங்கே ஒரு பெரிய கட்டடம் எழுந்துகொண்டிருந்தது. இன்று சுல்தான் அப்துல் சமாட் கட்டடம் என்று நாம் சொல்லும் அந்த மணிக்கூண்டுக் கட்டடம் 1897இல் முடிந்தது. அதற்கு முகலாய பாணியைப் பிடிவாதமாகக் கேட்டவர் ஸ்பூனர் என்ற பொறியாளர். அவர் முன்பு இலங்கையில் வேலை பார்த்தவர். பிறகு மலாய் மாநிலங்களின் இரயில்வேக்கே தலைவராக இருந்து 1909இல் காலமானார்.

ஸ்பூனர் போட்ட அந்த வழியிலேயே ஹப்பக் நடந்தார். கிள்ளான் ஆறும் கொம்பாக் ஆறும் சேருகிற முனையில், பழைய மலாய்க்காரர் இடுகாடு இருந்த இடத்தில், ஒரு பள்ளிவாசலை வரைந்தார். அதுதான் மஸ்ஜிட் ஜாமெக். 1908 மார்ச் 23ஆம் தேதி அடிக்கல் நாட்டி, 1909 டிசம்பர் 23ஆம் தேதி திறந்தார்கள். 1910 பிறக்க இன்னும் எட்டு நாள்தான் பாக்கி. செலவு 32,625 வெள்ளி. அதில் ஒரு பங்கை மலாய் மக்களே சேர்த்துக் கொடுத்தார்கள். 1965இல் தேசியப் பள்ளிவாசல் வரும் வரைக்கும் தலைநகரின் பெரிய பள்ளிவாசல் அதுவே.

ஜெஞ்சாரோம்காரர்களே, இங்கே நாம் பெருமைப்பட ஒரு செய்தி உண்டு. மஸ்ஜிட் ஜாமெக்குக்கு அடிக்கல் நாட்டியவர் சிலாங்கூர் சுல்தான் அலாவுடீன் சுலைமான் ஷா. அவருடைய அரண்மனை எங்கே இருந்தது தெரியுமா?  நம்முடைய கோலலங்காட் மாவட்டத்து ஜுக்ராவில் இருந்தது! இஸ்தானா பண்டார் என்ற அந்த அரண்மனை இன்றும் நிற்கிறது. நம் ஊரிலிருந்து கொஞ்ச நேரப் பயணம்தான். மொரிப் கடற்கரைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகும்போது அங்கேயும் ஒரு நடை போய் வாருங்கள்.

இரயில் நிலையத்தைப் பார்க்கும் விதம்

இப்போது நிலையத்துக்கு வருவோம். ஒரு கட்டடத்தைப் பார்ப்பதற்கும் ஒரு விதம் இருக்கிறது. மாணவர்களே, அடுத்த முறை போகும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, கூரைக்கு மேலே நிற்கும் சின்னச் சின்ன மண்டபங்கள். நான்கு தூண், மேலே ஒரு குவிமாடம். வட இந்தியாவில் இதற்குச் சத்ரி என்று பெயர். குடை என்று அர்த்தம். முகலாயர் கோட்டைகளிலும் கல்லறை மாளிகைகளிலும் இருக்கிற குடை, ஹப்பக்கின் கையால் மலாயாவுக்கு வந்து இரயில் நிலையத்தின் தலையில் உட்கார்ந்திருக்கிறது.

இரண்டாவது, வளைவுகள். குதிரை லாடம் போல் சில, நுனி கூர்மையாகச் சில. இவை வெறும் அலங்காரத்துக்கு இல்லை. வளைவுக்குப் பின்னால் அகலமான தாழ்வாரம் போகிறது. சுவர் கனம், கூரை உயரம். வெயில் நேராக உள்ளே விழாது, காற்று மட்டும் தாராளமாக வரும். காற்றாடியே இல்லாத காலத்தில் இந்த நாட்டு உஷ்ணத்துக்குக் கண்ட வைத்தியம் அது.

மூன்றாவது, உள்ளே பிளாட்பாரத்தின் மேலே இருக்கும் இரும்புக் கூரை. வெளியே பார்த்தால் டில்லி, உள்ளே பார்த்தால் லண்டன். இங்கிலாந்து இரயில் நிலையங்களுக்கு என்ன விதியோ அதே விதிப்படி அந்தக் கூரையைச் செய்தார்களாம். பனிக்கட்டி கொட்டினாலும் தாங்க வேண்டும் என்பதும் அதில் ஒரு விதியாம்! கோலாலம்பூரில் எங்கே பனி கொட்டுகிறது? வழிகாட்டிகள் சொல்லிச் சிரிக்கிற கதை இது. கதையோ உண்மையோ, வெள்ளைக்காரர் ஆட்சி எப்படி நடந்தது என்று காட்ட நல்ல உதாரணம். சட்டம் அங்கே எழுதியது, வெயில் இங்கே அடித்தது.

இந்தப் பாணி கோலாலம்பூருக்கு மட்டும் உரியது இல்லை. சென்னையிலும் அதே காலத்தில் இதே காற்றுதான் வீசியது. எழும்பூர் இரயில் நிலையம் 1908இல் திறந்தது. அதை வரைந்தவர் ஹென்றி இர்வின். கட்டிக் கொடுத்த காண்டிராக்டர் பெங்களூரைச் சேர்ந்த சாமிநாத பிள்ளை. அதே சென்னையில் மாநகராட்சியின் ரிப்பன் கட்டடத்துக்கு 1909 டிசம்பரில் அடிக்கல் நாட்டி, 1913இல் முடித்தார்கள். அதைக் கட்டியவர் லோகநாத முதலியார். ஆக, 1910ஆம் ஆண்டில் சென்னையில் ரிப்பன் கட்டடத்தின் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது, இங்கே நம் நிலையம் முடிந்துகொண்டிருந்தது. இரண்டு ஊருக்கும் நடுவில் கடல். கடலில் கப்பல். கப்பலில் நம் பாட்டன் பூட்டன்.

பணம் எங்கிருந்து வந்தது?

வேலை தொடங்கிய காலத்தில் அரசாங்கத்துக்குப் பெரிய வரவு ஈயம்தான். நிலையம் முடிந்த 1910ஆம் ஆண்டிலோ இரப்பருக்கு யோகம் அடித்தது. மோட்டார் வண்டிகள் பெருகின, டயர் வேண்டும், இரப்பர் போதவில்லை. அந்த ஆண்டு ஏப்ரலில் லண்டன் சந்தையில் ஒரு ராத்தல் இரப்பரின் விலை 12 ஷில்லிங்கையும் தாண்டியது. பதினோரு ஆண்டு கழித்து, 1921இல், அதே இரப்பர் ஒரு ஷில்லிங்குக்கும் கீழே விழுந்தது. அப்படியானால் 1910இல் அது எப்பேர்ப்பட்ட விலை என்று நினைத்துப் பாருங்கள். சிலாங்கூர் முழுக்கக் காடு வெட்டித் தோட்டம் போட்டார்கள். பால் வெட்டி, ஷீட்டாக்கி, இரயிலில் ஏற்றித் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள்.

பால் வெட்டியவர் யார்? காடு அழித்தவர் யார்? கம்பிச்சடக்குக்குக் கல் பரப்பி, கட்டை போட்டவர்களில் ஏராளமானோர் யார்? தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆற்காட்டுப் பக்கமிருந்து வந்த நம் ஜனங்கள். நிலையத்துக்குள்ளே கிராணியாகவும் நிலைய அதிகாரியாகவும் உட்கார்ந்தவர்களில் பலர் யாழ்ப்பாணத் தமிழர்கள். வெளியே மண்வெட்டி பிடித்தவனும் தமிழன், உள்ளே பேனா பிடித்தவனும் தமிழன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் எப்படி நடத்தினார்கள் என்பது வேறு கதை, அதை இன்னொரு விழா மலரில் வைத்துக்கொள்வோம்.

1910க்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. பாட்டாளிச் சகோதரர்கள் இதை ஞாபகத்தில் வைக்க வேண்டும். ஒப்பந்தக் கூலி முறைப்படி இந்தியாவிலிருந்து ஆள் பிடித்துக் கொண்டுவருவது அந்த ஆண்டோடுதான் நின்றது. ஒப்பந்தக் கூலி என்றால் என்ன? கப்பல் செலவு கடன். அந்தக் கடன் தீரும் வரைக்கும் ஒரே துரையிடம் வேலை செய்ய வேண்டும். தோட்டத்தை விட்டு ஓடினால் போலீஸ் பிடிக்கும், சிறையும் உண்டு. ஏற்கெனவே எழுதிய ஒப்பந்தங்களும் 1913க்குள் முடிந்தன. அப்புறம் கங்காணி முறை நடந்தது, அதுவும் 1938இல் நின்றது. கஷ்டம் ஒரே நாளில் தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் ஒரு விலங்கு கழன்ற ஆண்டு 1910.

லயமும் ஒரு கட்டடம்தான்

கட்டடக் கலை என்றதும் குவிமாடத்தைத்தான் பார்க்கிறோம். 1910இல் இந்த நாட்டில் கட்டிய கட்டடங்களில் எண்ணிக்கையில் ஹப்பக்கின் கட்டடங்களை மிஞ்சியது எது தெரியுமா? லயம்! ஒரே நீளக் கூரை, கீழே வரிசையாக அறைகள். ஓர் அறையில் ஒரு குடும்பம், சில சமயம் அதற்கு மேலும். முன்னால் ஒரு நடை, பின்னால் அடுப்படி, எல்லாருக்கும் பொதுவாகத் தண்ணீர்க் குழாய். அதற்குப் படம் வரைய லிவர்பூலிலிருந்து ஆள் வரவில்லை. திறப்பு விழாவுக்குச் சுல்தானும் வரவில்லை. ஆனால் நம்முடைய கல்யாணம், காதுகுத்து, சாவு, தீபாவளி எல்லாம் அங்கேதான் நடந்தன. அந்த வரிசைக்குப் பக்கத்திலேயே ஒரு மாரியம்மன் கோயில், ஒரு பள்ளிக்கூடக் கொட்டகை. பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி இருக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்ன பிறகு அப்படிப்பட்ட கொட்டகைகள் பெருகின. நம்முடைய தமிழ்ப் பள்ளிகள் பலவற்றுக்கும் மூலம் அந்தக் கொட்டகைதான்.

நான் பிறந்த லயம் இப்போது இல்லை. தோட்டம் கைமாறியது, பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. என் அம்மாவிடம், "லயத்தை ஒரு போட்டோகூட எடுக்கலையாம்மா?" என்று கேட்டேன். "ஆளுங்களத்தான் போட்டோ எடுப்பாங்க. வீட்ட எவன்டா எடுப்பான்?" என்றார். அம்மா சொன்னது சரிதான். ஆனால் இப்போது எனக்கு அந்த நடையின் அகலம்கூட மறந்து போய்விட்டது.

நியூயார்க்கில் ஒரு பாடம்

1910ஆம் ஆண்டு அமெரிக்காவிலும் ஒரு பெரிய இரயில் நிலையம் திறந்தார்கள். நியூயார்க்கில் பென்சில்வேனியா நிலையம். பண்டைய ரோமாபுரியின் குளியல் மண்டபத்தை மாதிரியாக வைத்து, கல்தூண்களோடு கட்டிய மாளிகை. நம் நிலையத்தைவிடப் பல மடங்கு பெரியது. இன்று போய்ப் பார்த்தால் அது இல்லை! இரயில் வருமானம் குறைந்தது என்று 1963இல் இடிக்க ஆரம்பித்தார்கள். இடித்த பிறகுதான் ஜனங்களுக்கு ஐயோ என்று வந்தது. 1965இல் பழைய கட்டடங்களைக் காக்க அந்த நகரம் சட்டம் போட்டது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!

ஒரே ஆண்டில் திறந்த இரண்டு நிலையங்கள். பெரியது போய்விட்டது, சின்னது நிற்கிறது. 2001இல் கேஎல் சென்ட்ரல் திறந்து பெரிய வேலைகள் அங்கே போய்விட்ட பிறகும், நம் பழைய நிலையத்தில் கொமூட்டர் இரயில் நின்று போகிறது. கிள்ளானில் ஏறினால் அங்கே இறங்கலாம். அந்த கேஎல் சென்ட்ரல் எழுந்த இடமும் பிரிக்பீல்ட்ஸில் பழைய இரயில்வே யார்டு இருந்த நிலம்தான்.

நம் நாட்டிலும் எல்லாம் தப்பவில்லை. 1895இல் கட்டிய புடு சிறையின் நெடுஞ்சுவரை 2010இல் இடித்தார்கள். பிரிக்பீல்ட்ஸில் இரயில்வே தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த நூறு குவார்ட்டர்ஸின் பெரும்பகுதியும் போய்விட்டது. 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டம் இருக்கிறது. ஆனால் சட்டம் காக்க வேண்டுமென்றால், இது மரபு என்று யாராவது முதலில் சொல்ல வேண்டும். குவிமாடத்துக்குச் சொல்ல ஆள் உண்டு. லயத்துக்கும் தோட்டத்துப் பள்ளிக்கும் நாம்தான் சொல்ல வேண்டும்.

சிறுமிக்குப் பதில்

பெற்றோர்களே, வரலாறு என்பது துரைமார்கள் எழுதிய புத்தகத்தில் மட்டும் இல்லை. இந்தக் கட்டுரைக்காக நான் படித்துக்கொண்டிருப்பதைக் கேள்விப்பட்டு, பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருவர் சொன்னார்: "எங்கப்பா கம்பிச்சடக்குல கல்லு ஒடைச்சவரு சார். சாகுற வரைக்கும் உள்ளங்கை காய்ச்சுப் போயித்தான் இருந்துச்சு. இரயில் சத்தம் கேட்டா, 'ஏம் மேல ஓடுது பாரு'ன்னு சொல்லிச் சிரிப்பாரு." அந்த ஒரு வரி எனக்கு எந்தப் புத்தகத்திலும் கிடைக்கவில்லை. பாட்டி சொல்லியிராவிட்டால் அவரோடேயே போயிருக்கும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் எடுங்கள். உங்கள் தாத்தா பாட்டி எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தத் தோட்டத்தில் இருந்தார்கள், லயத்தில் எத்தனை வாசல், கோயிலை எந்த ஆண்டு கட்டினார்கள், செங்கல் சுமந்தவர் யார், பள்ளிக்கொட்டகைக்குக் கூரை போட்டவர் யார் என்று பிள்ளையை விட்டே கேட்டு எழுதச் சொல்லுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் பரவாயில்லை, நான் திருத்திக் கொடுக்கிறேன். பழைய போட்டோ இருந்தால், பின்னணியில் தெரியும் வீட்டையும் கவனித்து, அது எது என்று பின்னால் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு விழாவுக்குள் இருபது நோட்டுகள் சேர்ந்தாலும் போதும். பள்ளி நூலகத்தில் ஓர் அலமாரியை இதற்கென்று ஒதுக்கலாம் என்று தலைமையாசிரியரும் சம்மதித்திருக்கிறார்.

மாணவச் செல்வங்களே, இன்று மேடையில் பரிசு வாங்கும்போது கைதட்டல் கேட்கும். அந்தக் கைகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். காய்ச்சுப் போன கைகள் சில இன்னும் நம்மிடையே உண்டு. பஸ்ஸில் கேள்வி கேட்ட என் மாணவிக்கு அன்று சொல்லாத பதிலை இன்று சொல்கிறேன். ஹப்பக் படம் வரைந்தார், அம்மா. வரைந்த படத்தை நிலையமாக்கவும், அந்த நிலையத்துக்கு இரயிலைக் கொண்டுவரவும், அந்த இரயிலுக்கு இரப்பரைக் கொடுக்கவும் ஆயிரக்கணக்கான கைகள் வேண்டியிருந்தன. அவற்றில் நம் கைகளும் உண்டு. அந்தப் பெயர்களைக் கேட்டு எழுத வேண்டியது இனி நீயும் நானும்தான்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!